ஒரே கம்பியில் இரு வழி

கரமனையிலும் வலியசாலையிலும் வாழும் நம்மவர் பலரின் மக்கள் கடல் கடந்து வாழ்கின்றனர். 1990களின் இறுதியில், அவர்தம் மின்னஞ்சலைப் படிக்க இணையத்தைத் திறந்தால் தொலைபேசி அடைபட்டுவிடும். அவர்கள் அழைத்தாலும் மணி ஒலியாது! 'ஐ.எஸ்.டி.என்.' என்னும் எண்முறை இணைப்பு இவ்வில்லங்கத்தைத் தீர்த்தது. அதில் நொடிக்கு 64 கிலோபிட் செல்லும் வழிகள் இரண்டு: ஒன்றில் பேசலாம்; மற்றதில் இணையம் காணலாம். பேச்சில்லா வேளையில் இரண்டும் சேர்ந்து 128. சாதாரண மோடத்துக்கோ 56தான் உச்சம். 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டு அதே செம்புக் கம்பியில் 256 தந்தது. எனினும் தொலைபேசி நிலையத்தினின்று வீடு விலக விலக வேகம் குன்றும். ஆதலின் இன்று ஒளியிழை இணைப்பையே கேட்டுப் பெறுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். ஒன்று மட்டும் மறவற்க: மின்சாரம் நின்றால் அதன் பெட்டியும் நின்றுவிடும். பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. முதியோர் தனித்திருக்கும் இல்லமாயின், பெட்டிக்கு ஒரு சிறு மின்கலமும் உடன் வாங்கி வைத்தல் வேண்டும்.