ரோட்ஸ் தீவின் முட்டை

கிரேக்க மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உருவக் கவிதைகள் மூன்று: ஒரு கோடரி, ஒரு ஜோடிச் சிறகு, ஒரு முட்டை. மூன்றையும் எழுதியவர் சிம்மியாஸ். கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த ரோட்ஸ்காரர். கவிஞர் மட்டுமல்ல, இலக்கண ஆசிரியரும்கூட. அந்த வாத்தியார் புத்தி கவிதையில் நன்றாகவே தெரிகிறது.

இந்தக் கவிதைகளில் உருவத்தை வரைவது யாப்பு. வரியைக் கண்ட இடத்தில் ஒடித்துப் படத்தை நிரப்பும் சலுகையை சிம்மியாஸ் எடுத்துக்கொள்ளவில்லை. சீர் கூடினால் வரி நீளும், குறைந்தால் சுருங்கும், அவ்வளவுதான். சிறகுக் கவிதையில் முதல் ஆறு வரிகள் படிப்படியாகச் சிறுத்து, அடுத்த ஆறும் அதே கணக்கில் விரிகின்றன. அதில் பேசுபவன் காதல் தேவன் ஈரோஸ். குழந்தையாக அல்ல, தாடி வைத்த ஆதிதேவனாக வருகிறான்.

எனக்குப் பிடித்தது முட்டைதான். 20 வரிகள், இரு நுனியிலும் ஒற்றைச் சீர், நடுவயிற்றில் பத்துச் சீர். மேலிருந்து கீழாகப் படித்தால் பொருள் ஓடாது. முதல் வரி, உடனே கடைசி வரி, பிறகு இரண்டாவது, அதன்பின் கடைசிக்கு முந்தியது என்று இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி உள்ளே போக வேண்டும். அப்படிப் போகும்போது ஒரு சீரில் தொடங்கிய கவிதை பத்துச் சீராக வளர்கிறது. கதையும் அதுவே. டோரிய நைட்டிங்கேல் பறவையின் முட்டையைத் தாயின் சிறகடியிலிருந்து தூதுத் தேவன் ஹெர்மீஸ் எடுத்து மனிதரிடம் சேர்க்கிறான். ஒன்றிலிருந்து பத்துவரை வளரும்படி ஆணையிடுகிறான். படிக்கும் முறைக்கான துப்பு கவிதைக்குள்ளேயே இருக்கிறது! ரோட்ஸ், கிரேக்கரில் ஒரு பிரிவினரான டோரியர்களின் ஊர். அந்தப் பறவை கவிஞரேதான் என்று ஊகிக்கப் பெரிய புலமை வேண்டாம்.

கோடரியையும் இதே முறையில்தான் படிக்க வேண்டும். ட்ராய் நகரை வீழ்த்திய மரக்குதிரையைச் செய்த எபீயோஸ் தன் கோடரியை அதீனா தேவிக்குக் காணிக்கையாக்குவதாகப் பாடல். ரோட்ஸ் தீவுக்கு இது அந்நியமான கற்பனை அல்ல. அங்குள்ள லிண்டோஸ் ஊரின் அதீனா கோயிலில், புராண வீரர்கள் தந்ததாகச் சொல்லப்பட்ட காணிக்கைகளின் பட்டியலை கி.மு. 99இல் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

சிம்மியாஸுக்குப் பின் டோசியாடஸ் பலிபீட வடிவில் எழுதினார். குழல் வடிவக் கவிதை ஒன்று தியோக்ரிட்டஸ் பெயரில் உண்டு. அதை எழுதியது அவர்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1633இல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘ஈஸ்டர் சிறகுகள்’ கவிதையிலும் வரிகள் சிம்மியாஸின் சிறகைப் போலவே சிறுத்து விரிகின்றன.