கணிப்பொறிக் கோப்புகளுக்குக் காப்புப் படி

2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி ஆம்பன் புயல் சுந்தரவனப் பகுதியில் கரையைக் கடந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வரை இருந்தது. அன்றிரவு கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. விமான நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. காலேஜ் தெருவில் கடைக்காரர்களின் புத்தகங்கள் நீரில் மிதந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சில நாட்கள் வரை திரும்பவில்லை.

அவ்விமான நிலையத்துக்கு அண்மையில் அமைந்ததே நியூ டவுன். ராஜர்ஹாட் பகுதியின் வயல்களும் தாழ்நிலங்களும் பரந்திருந்த இடத்தில், 1999-இல் ஹிட்கோ என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்ற பின் எழுந்த நகரம் அது. இன்று அங்கே மென்பொருள் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் புற்றுநோய் மருத்துவமனையும் இயங்குகின்றன. இவற்றின் கணக்குகளும் ஏடுகளும் பெரும்பாலும் கணிப்பொறியின் வட்டுகளிலேயே உறைகின்றன. தாளில் எழுதிய ஏடு நனைந்தால் உலர்த்தி ஓரளவேனும் படிக்கலாம். வட்டு பழுதுற்றால் ஒரு வரியும் கிட்டாமற் போகலாம். வட்டு நனையாவிடினும், எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் கோப்பு சிதைய இடமுண்டு.

ஆகவே மூலத்தைத் தவிர வேறொரு படி வேண்டும். அதனை எவ்வாறு ஆக்குவது, எவ்வாறு பேணுவது என்பதை இங்கு விளக்குவோம்.

கட்டுதலும் சுருக்குதலும்

காப்புப் படி ஆக்குவதில் இரு வேலைகள் உள்ளன. சிதறிக் கிடக்கும் பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டுவது முதல் வேலை. அக்கட்டின் பருமனைக் குறைப்பது இரண்டாம் வேலை.

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் முதல் வேலையைச் செய்வது ‘டார்’ என்னும் கட்டளை. காந்த நாடாவில் பதிந்த ஆவணம் என்று பொருள்படும் ‘டேப் ஆர்க்கைவ்’ என்ற தொடரின் சுருக்கமே இப்பெயர். 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது தோன்றிற்று. ஒவ்வொரு கோப்புக்கும் முன்பாக 512 பைட் அளவுள்ள தலைப்பொன்றை இது வைக்கிறது. கோப்பின் பெயர், அளவு, உரிமையாளர், கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவை அத்தலைப்பில் அடங்கும்.

இரண்டாம் வேலைக்குரியது ‘ஜிஜிப்’. இதனை 1992-இல் ழான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் ஆகிய இருவர் வெளியிட்டனர். இதன் அடிப்படை ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் 1977-இல் வெளியிட்ட முறையாகும்.

அம்முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். யுனிகோடு முறையின் வழக்கமான வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் பெறுகிறது. வங்காளக் குறியும் அவ்வாறே. ‘நியூ டவுன்’ என்று தமிழில் எழுத ஒன்பது குறிகளும் ஓர் இடைவெளியும் தேவை. ஆக 28 பைட். ஆயிரம் பெயர்கள் கொண்ட முகவரிப் பட்டியலில் இவ்வூர்ப் பெயர் மட்டும் 28,000 பைட்டை விழுங்கிவிடும். ஜிஜிப் இதனை முதன்முறை மட்டும் முழுமையாக எழுதுகிறது. பின்னர் வருமிடங்களில், ‘இத்தனை பைட் பின்னே சென்று இத்தனை பைட்டை எடுத்துக்கொள்க’ என்ற சிறு குறிப்பை மட்டும் இடுகிறது. அக்குறிப்பு பொதுவாக இரண்டு மூன்று பைட்டுகளுக்குள் அடங்கும். இதன்மேல், அடிக்கடி வருபவற்றுக்குக் குறுகிய குறியீடும் அருகி வருபவற்றுக்கு நீண்ட குறியீடும் வழங்குவர். இது டேவிட் ஹஃப்மன் 1952-இல் வகுத்த வழி.

இச்சுருக்கத்தால் மூலத்தில் ஓர் எழுத்தும் இழக்கப்படுவதில்லை. ஆனால் ஜேபெக் முறையில் பதிந்த புகைப்படங்களும் ஒளிப்படக் காட்சிகளும் முன்னமே சுருக்கப்பட்டவை; அவற்றை மீண்டும் சுருக்குவதால் ஏறக்குறையப் பயனில்லை.

கட்டளையின் அமைப்பு

கட்டளை வரியில் ‘டார்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டின்பின் சி, இசட், எஃப் என்னும் மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளை இவ்வரிசையில் இட வேண்டும். சி ‘புதிதாக ஆக்குக’ என்பதையும், இசட் ‘ஜிஜிப் கொண்டு சுருக்குக’ என்பதையும், எஃப் ‘அடுத்து வருவது கட்டின் பெயர்’ என்பதையும் குறிக்கும். அதன்பின் கட்டின் பெயரையும், இறுதியில் கட்ட வேண்டிய கோப்புறையின் பெயரையும் எழுதுக.

எஃப் கடைசியில் நிற்பது இன்றியமையாதது. எஃப்புக்குப் பின் இசட்டை எழுதினால், இசட் என்பதையே கட்டின் பெயராகக் கணிப்பொறி கொள்ளும். கட்டின் பெயரை விட்டுவிட்டால் விளைவு இன்னும் கொடிது: அவ்விடத்தில் நிற்கும் கோப்பையே கட்டின் பெயரென்று கருதி, அதன்மீதே எழுதி அழித்துவிடும். காக்க எண்ணிய பொருளே அழியும்.

கட்டின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைச் சேர்ப்பது நலம். பெயர் வரிசையும் கால வரிசையும் அப்போது ஒன்றாகிவிடும். ஞாயிறுதோறும் முழுக் கட்டும், ஏனைய நாட்களில் மாறிய கோப்புகளை மட்டும் கொண்ட சிறு கட்டும் ஆக்கலாம். ஆனால் வியாழக்கிழமை நிலையை மீட்க வேண்டின், ஞாயிற்றுக் கட்டும் அதன்பின் வியாழன் வரை வந்த ஒவ்வொரு சிறு கட்டும் தேவைப்படும். இடையில் ஒன்று கெட்டாலும் மீட்பு குறைப்படும். ஆகவே அடுத்த முழுக் கட்டு உருவாகிச் சோதிக்கப்படும் வரை பழைய கட்டுகளை அழிக்கலாகாது.

சோதனை

சுருக்கிய கட்டில் பின்வருவது முன்வந்ததைச் சார்ந்து நிற்கிறது. ஆதலின் நடுவில் சிறிது சிதைந்தாலும் அதற்குப் பின்னுள்ளவை படிக்க முடியாமற் போகலாம். இடத்தை மிச்சப்படுத்தியதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

எனவே சோதனை மூன்று படிகளில் நடைபெற வேண்டும். முதலாவது, ஜிஜிப்பின் டி என்னும் குறியால் கட்டு சிதைவின்றி உள்ளதா என்று பார்த்தல். இரண்டாவது, ‘ஷா-256’ முறையில் கட்டின் முத்திரை எண்ணைக் கணித்துத் தனியே குறித்து வைத்தல். 64 இலக்கங்கள் கொண்ட இவ்வெண், கட்டில் ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். வேறிடம் சேர்ந்த படியிலும் இதே எண் வருமாயின், வழியில் பழுது நேரவில்லை எனத் துணியலாம்.

மூன்றாவதே தலையாயது. சிக்குப் பதிலாக எக்ஸ் என்னும் எழுத்தை இட்டு, வெற்றுக் கோப்புறை ஒன்றில் கட்டை அவிழ்த்துக் கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஏனெனில் முதலிரண்டு சோதனைகளும் கட்டு கெடவில்லை என்று மட்டுமே கூறும். கட்ட வேண்டிய கோப்புறையை விட்டு வேறொன்றைக் கட்டியிருந்தால், அப்பிழையை அவை காட்டா.

தொலைவு

மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது அனுபவத்தால் உறுதிப்பட்ட விதி. வேறிடம் என்பது அடுத்த கட்டிடமன்று. நியூ டவுன் அலுவலகம் தன் படியை அருகிலுள்ள சால்ட் லேக்கில் வைத்தால், ஒரே புயல் இரண்டையும் தாக்கக்கூடும். புவனேசுவரமும் இவ்வச்சத்துக்குப் புறம்பானதன்று. 2019-ஆம் ஆண்டு மே மாதம் ஃபானி புயல் அந்நகரை உலுக்கிற்று. தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையங்கள் ஹைதராபாத், புனே போன்ற கடற்கரை நீங்கிய நகரங்களிலும் அமைந்திருப்பது இங்குக் கருதத்தக்கது.

ஒரு படியேனும் கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள், இணைந்துள்ள வட்டுகளையும் சேர்த்தே பூட்டிவிடும். மேலும் டாரும் ஜிஜிப்பும் கட்டை மறைப்பதில்லை. எவரும் அவிழ்த்துப் படிக்கலாம். நோயாளிகளின் குறிப்பு போன்றவற்றை வெளியே அனுப்புமுன் மறைகுறியாக்கம் செய்து, அதன் திறவுச்சொல்லை வேறோரிடத்தில் காத்தல் வேண்டும்.

வங்கக் கடலில் கோடைமுடிவிலும் பருவமழைக்குப் பின்னும் புயல்கள் தோன்றுவது வழக்கம். கொல்கத்தாவுக்கு மட்டுமன்றிச் சென்னைக்கும் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இது பொருந்தும். அக்காலம் வருமுன் ஒரு நாளை ஒதுக்கி, சென்ற மாதக் கட்டொன்றை அவிழ்த்துப் பார்ப்பது ஒவ்வோர் அலுவலகத்துக்கும் உரிய கடமையாகும். அவிழ்த்துப் பார்த்துத் தேறிய கட்டே காப்புப் படி எனத் தகும்.