அகீக் கல்லும் அதன் பயனும்

முஸ்லிம்களிடையே அகீக் எனப் போற்றப்படும் செந்நிறக் கல், தமிழிற் சூதுபவளம் எனப்படும். பெயரிற் பவளம் இருப்பினும் அது கடலிற் பிறந்ததன்று, படிகக்கல்லின் இனத்தது, இரும்பு ஒட்சைட்டுக் கலப்பினாற் செம்மை பெற்றது. குஜராத்தின் கம்பாத்துக் கைவினைஞர் அதனைச் சூடேற்றி நிறத்தை மிகுவிப்பர். கொங்குநாட்டுக் கொடுமணலிற் பண்டைக்காலத்தே அதனால் மணிகள் செய்யப்பட்டமையை அகழாய்வுகள் காட்டின. மெழுகு எளிதில் ஒட்டாமையின் முத்திரை வெட்டுதற்கும் அது உகந்ததாயிற்று.

ஆடவர் பொன்னணிதல் இஸ்லாத்தில் விலக்கப்பட்டமையால், கல்முனை முதலிய ஊர்களில் முஸ்லிம் ஆடவர்க்கு ஏற்றது வெள்ளி மோதிரமே. அகீக்கும் அதிலேயே பதிக்கப்பெறும். அயலிலுள்ள இந்துக்களுட் பலர் சோதிடர் சொற்படி நவமணிகளை அணிவர். பிறந்த மாதத்துக்கொரு கல் என்னும் வழக்கோ மேலைநாட்டது. 1912இல் அமெரிக்க நகை வணிகர் வகுத்த பட்டியலே இன்றைய பட்டியல்களுக்கு அடிப்படை. பழைய பட்டியல்கள் சிலவற்றில் ஆகஸ்ட் மாதத்துக்குரியதாயிருந்த இக்கல் அதில் இடம்பெறவில்லை. வணிகர் கூடி மாற்றக்கூடியதொன்று மனிதரின் ஊழை மாற்றுமென நம்பி, மருந்துக்குரிய பணத்தைக் கல்லுக்குக் கொடுத்தல் தகுமா?

கஅபாவின் கறுப்புக்கல்லை முத்தமிட்ட கலீபா உமர் அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்யாத கல்லென்பதை அறிந்தும், நபிகளார் முத்தமிடக் கண்டமையாலேயே தாமும் முத்தமிடுவதாகக் கூறினார்கள். அத்தெளிவோடு அணிவார்க்கு அகீக் அழகிய அணியாகும். அஃதின்றி அணிவார்க்கு அது வீண்செலவேயாம்.