சித்தத்தின் நோயும் நம் சித்தாந்தமும்

கட்டுண்டவர்கள்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியபோது, பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப மாட்டாமற்போயினர். 28 உயிர்கள் மாய்ந்தன. அவர்களை அங்கே விட்டுச்சென்ற உறவினரை ஈரமற்றவர் என்று தூற்றுவது சுலபம். ஆயினும், சித்தப்பிரமை செய்வினையின் பலன், அவ்வூர்த் தர்காவின் நிழலில் தங்கியிருந்தால் ஒருநாள் கனவிலே உத்தரவு கிடைத்துக் குணமாகும் என்று மெய்யாகவே நம்பி வந்தவர்கள் அவர்களுள் பலர். நோயின் மூலம் இன்னதென்று தீர்மானித்த க்ஷணமே, யாரிடம் போவது, எத்தனை காலம் பொறுப்பது, நோயாளியைக் கட்டுவதா கவனிப்பதா என்பவையும் தீர்மானமாகிவிடுகின்றன.

கோயிலில் கண்ட அமைதி

இதனால் வழிபாட்டுத் தலங்களையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. தென்னிந்தியக் கோயிலொன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பரிசோதித்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையொன்றில் வெளியான ஆராய்ச்சி, சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்ததென்று கூறுகிறது. முற்றம் பெருக்குவது, செடிக்கு நீர் ஊற்றுவது, காலைப் பூஜை, உடன் ஓர் உறவினர்: அங்கே நடந்தது இவ்வளவே. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் இல்லாத சிறிய ஆராய்ச்சியாகையால், மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு இதைச் சாட்சியாக்கக் கூடாது, ஆக்குவோர் உண்டு.

மூளை மட்டுமா?

எல்லாம் மூளையின் கோளாறே என்று ஜனங்களுக்குப் போதித்துவிட்டால் இழிவு நீங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் மேனாட்டில் ஏமாந்தார்கள். அமெரிக்காவில் 1996-இலும் 2006-இலும் நடந்த கணிப்புகளை ஒப்பிட்டபோது, அந்த விளக்கத்தை ஏற்பவரும் சிகிச்சையை ஆதரிப்பவரும் பெருகியிருந்தனர். நோயாளியோடு வேலை செய்யவோ சம்பந்தம் வைத்துக்கொள்ளவோ கூசுவது மட்டும் குறையவில்லை. மூளையே கெட்டவன் இனித் தேறுவானா என்னும் அவநம்பிக்கை, பேய்ப் பயம் இருந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது என்பது என் அபிப்பிராயம். ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயில் மூளைக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் வீட்டாரின் ஓயாத வசைக்கும், தேறியவருக்கு நோய் திரும்புவதில் பங்குண்டு.

குடும்பத்தார்க்கு

ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு பிரார்த்தனையோடு அரசாங்கத்தின் மனநல சிகிச்சையும் சேர்ந்தது. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்திருக்கிறது. உறக்கம் கெட்டு, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொல்லி, உற்றவரையே சந்தேகிக்கத் தொடங்கிய ஒருவரை, வேண்டுதல் இருந்தால் அதையும் செலுத்திக்கொண்டே, தாமதமின்றி மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். போகத் தயங்குவோர் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். குணம் கண்டதும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது நோய் மீளும் காரணங்களுள் பெரிதாகையால், குறைப்பதா நிறுத்துவதா என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.