ஆண்டர்சன் என்னும் பெயரும் சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டமும்

மாமல்லபுரக் கடற்கரையில் மணல்மேடுகளின் ஓரமாக வளரும் சப்பாத்திக்கள்ளியைக் காணும் மாணவர்கள், அது தொன்றுதொட்டு நம் மண்ணுக்கே உரிய செடி என்று எண்ணக்கூடும். அஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த இனம். அவ்வினத்துச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம், பிற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய சைதாப்பேட்டையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தது. அதனை அமைத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்.

தோட்டத்தினுள் புகுமுன் அவர் பெயரைச் சிறிது ஆராய்வோம். ஆண்டர்சன் என்பதற்கு ‘ஆண்ட்ரூவின் மகன்’ என்று பொருள். ஆண்ட்ரூ என்பவர் நம் கிறித்தவர்கள் அந்திரேயா என வழங்கும் திருத்தூதரே. ஸ்காட்லாந்தின் காவல் புனிதரும் அவரே. ஆகவே அப்பெயர் கொண்ட தந்தையர் அந்நாட்டில் மிகப் பலர். வடபகுதி மலைநாட்டாரோ ‘மகன்’ என்னும் சொல்லைப் பெயரின் முன்னே வைப்பர். நம் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சியின் பெயரில் உள்ள ‘மெக்’ அதுவே. நாமும் தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்கிறோம். ஆனால் நம் தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறுகிறது. அவர்களிடையேயும் பண்டு அவ்வாறே மாறி வந்தது, பின்னர் ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. எங்கெங்கோ வாழ்ந்த எத்தனையோ ஆண்ட்ரூக்களின் வழியினர் இன்று ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றனர். எனவே, 1837இல் சென்னையில் பள்ளி நிறுவிய பாதிரியார் ஜான் ஆண்டர்சனையும் இம்மருத்துவரையும், பெயர் ஒன்றென்பதனால் ஒரு குடும்பத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அப்பள்ளியே சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து 1937இல் தாம்பரம் சென்றது என்பது மாணவர்கள் அறிந்து கொள்ளத்தக்கது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் சிறு பூச்சி ஒன்றை உலர்த்தினால் செந்நிறச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் இவ்வணிகத்தைத் தம் கைக்குள் பொத்தி வைத்திருந்தனர். சென்னையில் அதனையொத்த பூச்சியொன்றைக் கண்டதாக ஆண்டர்சன் இலண்டனிலிருந்த ஜோசப் பாங்ஸுக்கு எழுதினார்; அக்கடிதங்கள் 1788இல் அச்சேறின. அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆயினும் மெய்யான பூச்சி வரும் நாளுக்காகக் கள்ளியைப் பயிரிட்டு வைக்கலாம் என்ற ஆண்டர்சனின் சொல்லைக் கும்பெனியார் ஏற்றனர். பொதுப்பணத்தில் தோட்டம் உருவாயிற்று. அதன் கண்காணிப்பை ஏற்றவர் ஆண்டர்சனின் மருமகன், ஆண்ட்ரூ பெர்ரி. மாமனின் குடும்பப்பெயர் அவருக்கு இல்லை. ஆனால் அப்பெயருக்கு மூலமான ‘ஆண்ட்ரூ’ அவருக்கு இடுபெயராக அமைந்தது. எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு.

1795இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். சென்னைக்கும் அவை வந்தன. ஆனால் அவை உயர்ந்த வகையல்ல, காட்டு வகை. கிடைத்த சாயமும் மட்டமானதே. 1800ஐ ஒட்டித் தோட்டம் மூடப்பட்டது. செடிகள் பலவும் பெங்களூர் லால்பாக்கிற்குச் சென்றன. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய அவ்வனம் இன்றும் மக்கள் உலாவும் பொதுப்பூங்காவாக விளங்குகிறது. ஆண்டர்சன் 1809இல் காலமானார்; செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் அவருக்குச் சிலை உண்டு. கள்ளிக்கு நீர் இறைத்த தோட்டக்காரர்களுக்கு அஃது இல்லை.

சாயத்துக்குத் தோற்ற அந்தப் பூச்சி வேறொரு வகையில் பெயர் பெற்றது. தான் குடியேறிய கள்ளி இனத்தை அது தின்று அழித்தது. அதனைக் கண்டவர்கள், நிலங்களை அடைத்துக் கிடந்த கள்ளியை ஒழிக்க 1830களின் பிற்பகுதியில் அதனைத் தென்னாட்டில் வேண்டுமென்றே பரப்பினர். அயல்நாட்டுப் பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக அறிவியலார் இதனைக் கருதுவர். கடற்கரையில் நாம் காணும் முட்கள் நிறைந்த சப்பாத்தி வகையை மட்டும் அது தொடவில்லை. அவ்வகையைக் குறைக்க 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியை வருவிக்க வேண்டியதாயிற்று.