பெட்டியின் பின்புறத்து எழுத்துகள்

முன்னாளிற் கூடத்து மேசைமேல் பின்னல் துணி போர்த்து வைக்கப்பட்டிருந்த வானொலிப் பெட்டி ஒரே வாயாற் பேசிற்று. இன்று பல இல்லங்களில் இடம்பெற்றுள்ள வீட்டுத் திரையரங்குத் தொகுதியோ ஐந்தாறு வாய்களாற் பேசுகின்றது. அவ்வாய்கள் அனைத்துக்கும் ஒலியைப் பகிர்ந்தளிக்கும் தலைமைப் பெட்டியே ரிசீவர். அதன் முன்புறத்து விளக்குகளைக் கண்டு மகிழ்வோர் பலர். பின்புறத்து எழுத்துகளைப் படிப்போர் சிலரே. ஆயினும் பெட்டியின் ஆயுளும் வீட்டாரின் நலமும் அவ்வெழுத்துகளிலேயே பெரிதும் தங்கியுள்ளன.

முதலிற் காணவேண்டியது மின்னழுத்தம். இலங்கை வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. கனடாவில் அது 120 வோல்ற்று. ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொணரும் ரிசீவரில் 120 என்று மாத்திரம் குறித்திருக்குமாயின், அதனை இங்கு நேரே செருகினால் கருகிப் போகலாம், தீப்பற்றவுங் கூடும். செருகியை மாற்றுவதால் அழுத்தம் மாறுவதில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். அது தாங்கும் வாற்று, ரிசீவர் வாங்கும் வாற்றிலும் மிகுந்திருத்தல் அவசியம். மின்மாற்றி அலைவெண்ணை மாற்றாது. ஆதலால் கனடாவின் 60 ஹேட்ஸுடன் இலங்கையின் 50 ஹேட்ஸும் பெட்டியிற் குறிக்கப்பட்டுள்ளதா என நோக்குதல் வேண்டும்.

அடுத்தது ஓம். ஒலிபெருக்கி மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பை இது குறிக்கும். இவ்வெண் குறையுந்தோறும் ரிசீவர் கொடுக்கவேண்டிய மின்னோட்டம் கூடும். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக ஒரே முனைகளில் இணைத்தால், எதிர்ப்பு 16 ஆவதில்லை. 4 ஆகக் குறைகின்றது. 6 ஓமுக்குக் குறையலாகாது என்று பெட்டியில் எழுதியிருக்க இவ்வாறு இணைப்பது, ஒரு வண்டிப் பாரத்தை ஏற்ற மாட்டின்மேல் இரு வண்டிப் பாரத்தை ஏற்றுவதை ஒக்கும். பெட்டி மிகச் சூடேறும். தானே அணைந்து தன்னைக் காக்கும் அமைப்பு இல்லையேல் பழுதாகும்.

வாற்று என்பது வலுவின் அளவு. வாற்று இரட்டித்தால் ஓசையும் இரட்டிக்கும் என எண்ணுவது பிழை. 50 வாற்று 100 ஆகும்போது கூடுவது 3 டெசிபெல் மாத்திரமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே பெரிய எண்ணுக்காகப் பெரும்பணம் செலவிடுமுன் சிந்தித்தல் நன்று.

5.1 என்னுங் குறியீட்டில், 5 என்பது முன்னே இடம், நடு, வலம் என மூன்றும், பக்கங்களில் இரண்டுமாகிய ஒலிவழிகள். புள்ளிக்குப் பின்னுள்ள 1, இடிமுழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு மாத்திரம் உரியது. மனிதச் செவி கேட்கும் 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையான வீச்சில் அது ஏறத்தாழ 120 ஹேட்ஸ் வரையே செல்வதால், முழு வழியாக எண்ணப்படுவதில்லை.

இனிக் கையாளும் முறை. கம்பிகளை இணைக்குமுன் செருகியைக் கழற்றிவிடல் வேண்டும். ஒரு முனையின் செப்பிழை அடுத்த முனையைத் தொடலாகாது. காற்றுத் துளைகளைத் துணியால் மூடலாகாது. பழைய வானொலிக்குப் போர்த்த பின்னல் துணி இதற்கு ஆகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை வேளைகளில் இடிமின்னல் மிகும். வானம் இருளத் தொடங்கும்போதே மின்செருகியையும் அன்ரெனாக் கம்பியையும் கழற்றுக. மின்னத் தொடங்கியபின் அவற்றைத் தொடலாகாது. செருகியைக் கழற்றிய பின்னரும் பெட்டியினுள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கலாமாகையால், அதனைத் திறக்கும் வேலையைத் தேர்ந்த திருத்துநரிடம் விடுக.

இறுதியாக, செவி. 80 டெசிபெல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபெல் ஆயின் 4 மணி நேரமே என்றும் உலக சுகாதார தாபனம் வரையறுத்துள்ளது. சிறுவர்க்கு இவ்வளவுகள் இன்னுங் குறைவு. ஓசை கரகரக்கத் தொடங்கின், அது ரிசீவர் தன் எல்லையைக் கடந்தமைக்கு அறிகுறி. உடனே குறைத்தல் வேண்டும். பழுதான பெட்டிக்குப் பதிலாக வேறொன்று வாங்கலாம். உட்செவியின் நுண்மயிர்க் கலங்களோ, ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.