கோடிங் வேலைக்குப் போகலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிப்பகத்துக்கு ஒரு பெண் வந்தாள். அவளுடைய காலனியில் முதல் நர்ஸ் அவள்தான். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். பாதி மாதம் இரவுப் பணி. விடுதி வாடகையும் பஸ் செலவும் போனால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை.

"அண்ணா, ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் கோடிங்னு ஒரு வேலை இருக்காம். பகல் வேலையாம். பயிற்சிக்கு அம்பதாயிரம் கட்டச் சொல்றாங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேக்குறாங்க. போகலாமா?" என்றாள்.

அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஐம்பதாயிரம் என்றால் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். இதே கேள்வியை வேறு சில பிள்ளைகளும் கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. அதைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் திட்டத்துக்கு மெடிகேர் அட்வான்டேஜ் என்று பெயர். தலைக்கு இவ்வளவு என்று அரசு அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. நோய் அதிகம் உள்ளவருக்குத் தொகை கூடும், இல்லாதவருக்குக் குறையும். யாருக்கு என்ன நோய் என்பதை மருத்துவர் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஐசிடி-10 குறியீடுகளாக மாற்றித் தருவதுதான் இந்த வேலை. சென்னை, கோவை, திருச்சி அலுவலகங்களுக்கு இந்தக் குறிப்புகள் வந்து குவிகின்றன.

நர்ஸ் படித்தவர்களுக்கு உடற்கூறும் நோய்ப் பெயர்களும் தெரியும் என்பதால் எளிதாக நுழையலாம். ஆனால் அவர்கள் சறுக்குவதும் அந்த அறிவால்தான். மெட்பார்மின் மாத்திரையைப் பார்த்ததும் சர்க்கரை நோய் என்று நர்சுக்குப் புரிந்துவிடும். கோடிங்கில் அப்படி எழுதக் கூடாது. மருத்துவர் நோயின் பெயரை எழுதியிருக்க வேண்டும். அந்த ஆண்டில் நோயாளியைப் பார்த்து, கண்காணித்ததற்கோ மருத்துவம் செய்ததற்கோ அடையாளம் குறிப்பில் இருக்க வேண்டும். எப்போதோ வந்து குணமான புற்றுநோயை இப்போதும் இருப்பதாகக் காட்டக் கூடாது. இல்லாத நோயைச் சேர்த்தால் அமெரிக்க அரசின் பணம் தவறாகப் போகும், வழக்கும் வரும். "இன்னும் ரெண்டு கோடு கண்டுபிடி" என்று மேலே இருப்பவர் நெருக்கினாலும், குறிப்பில் இல்லாததை எழுத மறுக்கும் துணிவு வேண்டும்.

பயிற்சி மையத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: எந்த வடிவத்தைச் சொல்லித் தருகிறீர்கள்? 24ஆம் வடிவத்தில் பணம் தரும் நோய்ப் பிரிவுகள் 86. 28ஆம் வடிவத்தில் 115. பிரிவுகள் கூடினாலும், கணக்கில் சேரும் குறியீடுகள் குறைந்துவிட்டன. 2024இல் தொடங்கிய மாற்றம் 2026இல் முழுமையாகிவிட்டது. பழைய நோட்டை வைத்துப் பாடம் நடத்துகிற இடத்துக்கு எதற்கு ஐம்பதாயிரம்?

நிறைகளும் உண்டு. பெரும்பாலும் பகல் பணி. நோயாளியின் உறவினர் திட்டும் ஏச்சு இல்லை. சிஆர்சி என்ற சான்றிதழ்த் தேர்வை எழுதித் தேறினால் சம்பளம் கூட வழி பிறக்கும். ஆனால் நாளுக்கு இத்தனை பக்கம் என்று இலக்கு வைப்பார்கள், அதிலும் பிழை கூடாது என்பார்கள். கணக்கு அனுப்பும் பருவம் முடிந்ததும் தற்காலிகமாக எடுத்தவர்களை அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. அரசு மருத்துவமனை நர்ஸ் வேலையில் பட்டியலினத்தவருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடம் உண்டு. தனியார் கோடிங் நிறுவனத்தில் அது கிடையாது. திரையில் சாதி தெரியாதுதான். நேர்காணலில் "எந்த ஊர், ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்களை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கோடிங்குக்குப் போகிறவர்கள் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், உடனே கையில் வாங்கிவிட வேண்டும். பாதியில் நின்ற ஒரு தம்பியின் சான்றிதழை மீட்க நாங்கள் ஒரு பயிற்சி மையத்தின் வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறோம்.

பணம் கட்டுமுன் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு அங்கே கட்டணமில்லாத் திறன் பயிற்சிகள் அறிவிக்கப்படுகின்றன. மெடிக்கல் கோடிங்கும் அதில் வந்ததுண்டு. இப்போது இடம் இருக்கிறதா என்பதை நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

அந்தப் பெண் புதன்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறாள். சாதிச் சான்று, பட்டச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாயிற்று. ஒரிஜினல்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.